‘சிக்… பூச்சி-பூச்சி’: சாம்பல்தலை ஈப்பிடிப்பானைத் தேடிப் போகிறவர்களுக்கு

பறவை பார்க்க மலைக்குப் போகிறேன் என்று யாராவது சொன்னால், "எத்தனை பார்க்கணும்?" என்று கேட்பேன். ஐம்பது, அறுபது என்று ஆரம்பிப்பார்கள். ஒன்று போதும் என்று சொன்னால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். முதல் பயணத்தில் ஐம்பது பறவைக்கு ஆசைப்பட்டு, ஐம்பதையும் அரைகுறையாகப் பார்த்துவிட்டு, வீடு திரும்பியதும் எது எது என்று குழம்பியவன் நான். அதனால்தான் இந்தக் கண்டிப்பு.

நான் சிபாரிசு செய்யும் அந்த ஒன்று சாம்பல்தலை ஈப்பிடிப்பான். விரலைவிடக் கொஞ்சம் நீளம். சாம்பல் தலை, மஞ்சள் வயிறு, உச்சந்தலையில் லேசாகத் தூக்கிய கொண்டை. நீலகிரி, ஆனைமலை, பழனிமலைச் சோலைகளிலும் இலங்கையின் மலையகத்திலும் ஆண்டு முழுக்கத் தங்கியிருக்கும். அரிய பறவை இல்லை. அரிதாக இல்லாததே இதைத் தேர்ந்தெடுத்ததற்குப் பாதிக் காரணம். மீதிக் காரணம் அதன் குணம். ஆளைக் கண்டால் உச்சிக்கிளைக்கு ஓடாது, புதருக்குள் பதுங்காது, உரக்கக் கத்தும். பறந்து போனாலும் பெரும்பாலும் அதே கிளைக்கோ பக்கத்துக் கிளைக்கோ திரும்பி வந்துவிடும். பைனாகுலரைச் சரியாகப் பிடிக்கத் தெரியாதவருக்கு இரண்டாவது, மூன்றாவது, பத்தாவது வாய்ப்பு தருகிற பறவை இது.

முதல் படி: படத்தில் தலையைப் படியுங்கள்

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே படங்களைப் பாருங்கள். நிறத்தைப் பார்ப்பதற்கு முன் உருவத்தைப் பாருங்கள். புதியவர்கள் எல்லோரும் "மஞ்சள் வயிறு" என்பதை மட்டும் மனதில் ஏற்றிக்கொண்டு போய் ஏமாறுவார்கள். மலைக்காட்டில் மஞ்சள் வயிற்றுப் பறவைக்குப் பஞ்சமே இல்லை.

மொத்த நீளம் 12 முதல் 13 செ.மீ. எடை பத்து கிராமுக்கும் குறைவு, ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தைக் கையில் வைத்தது போல. அந்த உடம்புக்குத் தலை கொஞ்சம் பெரிதாக, சதுரமாகத் தெரியும். உச்சந்தலை இறகுகள் சற்று நீளம். பறவை உற்சாகமாக இருக்கும்போது அவை எழும்பிச் சிறு கூம்பு போல நிற்கும். மழையில் நனைந்திருந்தால் படிந்துவிடும். கொண்டைலாத்தியின் விசிறியையோ கொண்டைக்குருவியின் கூர்முனையையோ எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். தூங்கி எழுந்த பிள்ளையின் தலைமுடி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சாம்பல் நிறம் தலையோடு நிற்பதில்லை, தொண்டையிலும் மேல்மார்பிலும் இறங்கி வரும். அதற்குக் கீழே சட்டென்று மஞ்சள் ஆரம்பிக்கும். முதுகும் சிறகும் மஞ்சள் கலந்த பச்சை. ஆணும் பெண்ணும் ஒன்று போலவே இருக்கும், ஆகவே அந்த ஆராய்ச்சியில் நேரத்தைப் போக்க வேண்டாம். அலகு குட்டை, அடிப்பக்கம் அகலம், சுற்றிலும் மீசை போலச் சில முரட்டு மயிர்கள். பூச்சியைப் பறந்தபடியே கவ்வும் பறவைகளுக்கு இப்படிப்பட்ட வாய் இருப்பது வழக்கம்.

இதோடு குழப்பிக்கொள்ளக்கூடியவற்றில் முதலிடம் வெள்ளைக்கண்ணிக்கு. என் முதல் நாள் காலை முழுவதும் வெள்ளைக்கண்ணிகளின் பின்னால்தான் போயிற்று. அதற்குத் தொண்டை மஞ்சள், கண்ணைச் சுற்றிச் சுண்ணாம்பால் வரைந்தது போலப் பளிச்சென்ற வெள்ளை வளையம், பத்து இருபதாகச் சேர்ந்து இலைக்குள் புரளும். ஈப்பிடிப்பானின் தொண்டை சாம்பல். இந்த ஒரு வரி நினைவிலிருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

அடுத்தது குளிர்காலத்தில் இமயமலைப் பக்கமிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் வந்து குவியும் இலைக்கதிர்க்குருவிகள். பச்சையும் மஞ்சளுமாக இருக்கும், ஒரு நொடி நிற்காது. கண்ணுக்கு மேலே புருவம் போல வெளிர்க்கோடு இருந்தால் கதிர்க்குருவி. அடிவாரத்தில் மாம்பழச்சிட்டைப் பார்ப்பீர்கள், அதற்குச் சிறகில் வெள்ளைப் பட்டைகள் உண்டு. ஏற்காடு பக்கம் போனால் மஞ்சள் கன்னமுள்ள பட்டாணிக்குருவி இருக்கிறது. அதன் கொண்டை கன்னங்கரேல் என்று நிமிர்ந்து நிற்கும், வயிற்றின் நடுவே கறுப்புக் கோடு ஓடும். அதைப் பார்த்துவிட்டு ஈப்பிடிப்பான் என்று எழுதி வைத்தவரை எனக்குத் தெரியும். அவரும் நான்தான்.

பெயரைப் பற்றி ஒரு சின்ன விலகல். இதன் அறிவியல் பெயர் குலிசிகாப்பா சிலோனென்சிஸ். முதல் பாதி லத்தீனில் ‘கொசுவைப் பிடிப்பது’ என்ற பொருளில் வந்தது. இரண்டாம் பாதி இலங்கையைக் குறிக்கிறது. 1820-இல் வில்லியம் ஸ்வெய்ன்சன் இதை விவரித்துப் பெயரிட்டபோது அவர் கையிலிருந்தது இலங்கைப் பறவை. நீண்ட காலம் இதை மற்ற ஈப்பிடிப்பான்களோடு ஒரே குடும்பத்தில்தான் வைத்திருந்தார்கள். மரபணுவை ஒப்பிட ஆரம்பித்த பிறகு கதை மாறிவிட்டது. இதன் நெருங்கிய சொந்தம் நீலகிரி ஈப்பிடிப்பான் இல்லையாம். தென்னாப்பிரிக்காவின் வறண்ட புதர்க்காட்டில் வாழும் ஒரு குட்டி ஈப்பிடிப்பானும், கிழக்கு ஆப்பிரிக்க மலைக்காடுகளின் வெள்ளைவால் கொண்டை ஈப்பிடிப்பானும்தான் இதன் பங்காளிகள். ஊட்டியில் ஒரே மரத்தில் உட்கார்ந்திருக்கும் நீலகிரி ஈப்பிடிப்பான் இதற்கு வெகு தூரத்து உறவுதான். ஒரே தொழில் செய்பவர்கள், அவ்வளவுதான்.

இரண்டாம் படி: எந்த மலை, எந்த மரம்

ஆயிரம் மீட்டருக்கு மேலே, மரங்கள் அடர்ந்த, ஈரமான இடம். இதுதான் விதி. தமிழ்நாட்டில் வசதியான இடங்கள் என்று பார்த்தால், குன்னூர் சிம்ஸ் பூங்கா புதியவர்களுக்கு மிகவும் தோது. 1874-இல் அமைத்தது. பழைய மரங்கள், கல் பாவிய நடைபாதை, கழிப்பறை, வாசலில் டீக்கடை. குழந்தைகளோடும் பெரியவர்களோடும் போகலாம். காலையில் கதவு திறந்ததும் உள்ளே போனால் கூட்டம் சேரும் முன் ஒன்றிரண்டு மணி நேரம் உங்களுக்கே.

கோத்தகிரிக்குப் பக்கத்திலுள்ள லாங்வுட் சோலை, இன்னும் ஒரு படி மேல். ஏறத்தாழ 116 ஹெக்டேர் மட்டுமே உள்ள சிறு சோலை. சுற்றிலும் தேயிலையும் வீடுகளும் வந்துவிட்ட பிறகும் தப்பிப் பிழைத்து நிற்கிறது. 2024 ஜனவரியில், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. வனத்துறையின் அனுமதியோடுதான் உள்ளே போக முடியும், அனுமதி கேட்டுக்கொண்டு போங்கள். கொடைக்கானலில் பாம்பே சோலை ஊரை ஒட்டியே இருக்கிறது. வால்பாறையில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே விட்டுவைத்த சோலைத் துண்டுகளின் ஓரச்சாலைகளில் நின்றாலே போதும்.

இலங்கையில் இருப்பவர்களுக்கு இன்னும் சுலபம். நுவரெலியாவில் ஊர் நடுவே உள்ள விக்டோரியா பூங்கா, கொஞ்சம் தள்ளி ஹக்கலை தாவரவியல் தோட்டம், மேலே ஹோர்ட்டன் சமவெளி. மலையகத் தோட்டங்களில் வளர்ந்தவர்கள் பெயர் தெரியாமலே இதன் குரலைக் கேட்டு வளர்ந்திருப்பார்கள்.

மலையைத் தேர்ந்தெடுத்துவிட்டால் அடுத்தது மரம். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். பச்சையாக இருப்பதெல்லாம் காடு இல்லை. நீலகிரியில் சாலையோரம் நீங்கள் பார்க்கும் உயரமான மரங்களில் பெரும்பகுதி கற்பூர மரம் (யூகலிப்டஸ்), சீகை (வாட்டில்), பைன். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நட்டவை. பைன் தோப்புக்குள் போய் நின்றால் உங்கள் செருப்புச் சத்தம்தான் கேட்கும். சோலை என்றால் மரங்கள் குட்டையாக, தலை உருண்டையாக, தண்டெல்லாம் பாசி பிடித்து, துளிர் சிவப்பாக இருக்கும். மலை மடிப்புகளில், ஓடை ஓடும் பள்ளத்தில், இருட்டாகச் சுருண்டு கிடக்கும். சுற்றிலும் புல்வெளி. இந்த இரண்டும் சந்திக்கும் ஓரத்தில் குறிஞ்சிப் புதரும் காட்டுப்பூவரசும் நிற்கும். அந்த ஓரம்தான் நமக்கு வேண்டும். சோலைக்குள் போக வேண்டியதே இல்லை. உள்ளே போனால் இருட்டு, அட்டை, அதோடு அனுமதியும் இருக்காது.

சோலை ஓரத்தில் ஒரு ஓடைப்பாலம் இருந்தால் அதிர்ஷ்டம். தண்ணீர் இருக்கும் இடத்தில் பூச்சி, பூச்சி இருக்கும் இடத்தில் நம் ஆள்.

மூன்றாம் படி: நாளும் நேரமும்

நல்ல மாதங்கள் டிசம்பர் நடுவிலிருந்து மே வரை. ஜூன் முதல் செப்டம்பர் வரை நீலகிரியின் மேற்குப் பக்கத்திலும் வால்பாறையிலும் தென்மேற்குப் பருவமழை கொட்டும். அக்டோபர், நவம்பரில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்கு மழை, மண்சரிவும் உண்டு. பறவை அப்போதும் அங்கேதான் இருக்கும், நாம்தான் இருக்க முடியாது.

"பறவை பார்க்கணும்னா அஞ்சு மணிக்கே எழுந்திருக்கணும்" என்று எல்லோரும் சொல்வார்கள். இந்தப் பறவைக்கு அது பொருந்தாது. ஜனவரியில் ஊட்டியில் புல் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும்போது எந்தப் பூச்சியும் பறக்காது. பூச்சி பறக்காதபோது ஈப்பிடிப்பானுக்கு என்ன வேலை? வெயில் மரத்தின் மேல் பாகத்தில் பட்டு, பாசியிலிருந்து ஆவி கிளம்பும் நேரம், ஏழரை மணி அளவில், ஆட்டம் ஆரம்பிக்கும். பத்து மணி வரை நன்றாக இருக்கும். நிதானமாகக் காப்பி குடித்துவிட்டுப் போங்கள். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் மறுபடி ஒரு சுற்று உண்டு, ஆனால் மலையில் அந்த நேரத்தில் மூடுபனி இறங்கிவிடும் என்பதால் அதை நம்ப வேண்டாம்.

விடுமுறை நாளைத் தவிருங்கள். சித்திரை, வைகாசியில் ஊட்டி மலர்க் கண்காட்சி சமயம் குன்னூர் சாலையில் நிற்பது பறவை பார்ப்பதாகாது. இன்னொன்று, 2024 மே 7 முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். தினசரி எண்ணிக்கைக் கட்டுப்பாடும் பிறகு வந்தது. கிளம்பும் முன் அன்றைய நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அரசுப் பேருந்தில் போனால் இந்தத் தொல்லை இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து போவதே எனக்குப் பிடிக்கும்.

நான்காம் படி: பையில் என்ன

பைனாகுலர் ஒன்று. அதில் 8x42 என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எட்டு என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, நாற்பத்திரண்டு என்பது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். 42-ஐ 8-ஆல் வகுத்தால் ஐந்துக்குக் கொஞ்சம் மேல் வரும். கண்ணுக்குள் வந்து விழும் ஒளிக்கற்றையின் அகலம் அது. பையில் அடங்கும் 10x25-ல் அதே கணக்கைப் போட்டால் இரண்டரைதான். கடற்கரையில் இரண்டரை தாராளம். சோலை ஓரத்து இருட்டில், சாம்பல் தலைப் பறவை கறுப்பு உருவமாகத்தான் தெரியும். கடைக்காரர் "20 மடங்கு, 30 மடங்கு சார்" என்று காட்டினால் வாங்காதீர்கள், கை நடுக்கத்தையும் அது முப்பது மடங்காக்கும். காசில்லை என்றால் யாரிடமாவது இரவல் வாங்குங்கள். பறவை பார்ப்பவர்கள் இரவல் தருவார்கள், முறைத்துக்கொண்டே.

கண்ணாடி போடுபவர்கள் பைனாகுலரின் ரப்பர் வளையத்தைக் கீழே திருகி இறக்கிவிட்டுப் பார்க்க வேண்டும். இதைத் தெரியாமல் இரண்டு வருடம் சாவித்துவாரம் வழியாகப் பார்ப்பது போலப் பார்த்தேன்.

உடுப்பு பச்சை, காக்கி, மண் நிறம் எதுவும் சரி. வெள்ளையும் சிவப்பும் வேண்டாம். குளிருக்கு ஒரு ஸ்வெட்டர், காதை மூடாத தொப்பி. காது நமக்கு வேண்டும். மழைக்காலத்தை ஒட்டிப் போனால் அட்டைக்கு எதிராக முழங்கால் வரை இழுத்துக் கட்டும் துணிக் காலுறை, கொஞ்சம் உப்பு. ஒட்டிக்கொண்ட அட்டையைப் பிய்த்து இழுக்காமல் நகத்தால் வாயோரம் தள்ளிவிட்டால் போதும். தண்ணீருக்கு ஸ்டீல் பாட்டில். பிளாஸ்டிக் பாட்டிலோடு போனால் சோதனைச் சாவடியிலேயே பிடுங்கிக்கொள்வார்கள்.

கைக்குள் அடங்கும் குறிப்பேடும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். பேனா ஈரத்தில் எழுதாது.

ஐந்தாம் படி: காதை முதலில் அனுப்புங்கள்

இந்தப் பறவையை நான் கண்ணால் முதலில் கண்டுபிடித்ததே கிடையாது. எப்போதும் காதுதான். உருவத்துக்குச் சம்பந்தமே இல்லாத சத்தம். கூர்மையாக, உற்சாகமாக, கொஞ்சம் அதட்டலாக வரும். முதலில் ஒரு வெட்டு, பிறகு இரட்டைச் சொல்: ‘சிக்… பூச்சி-பூச்சி’. நான் என் காதுக்கு இப்படித்தான் எழுதிக்கொண்டேன். பூச்சி பிடிக்கிறவன் ‘சிக்கு, பூச்சி பூச்சி’ என்று கத்துகிறான் என்று ஒருமுறை மனதில் ஏறிவிட்டால் பிறகு மறக்காது. சில சமயம் நான்கைந்து அசையாக நீளும், கடைசி அசை மேலே எகிறும். இடையிடையே மெல்லிய ‘பிட்-பிட்-பிட்’. இரண்டு பறவைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் சின்னதாக ஒரு உருட்டல் ஒலி.

கிளம்பும் முன் இணையத்தில் உள்ள ஒலிப்பதிவுகளை ஒரு வாரம் கேளுங்கள். பாத்திரம் கழுவும்போது, பஸ்ஸில் போகும்போது. மெர்லின் என்ற செயலி ஒலியைக் கேட்டுப் பறவையின் பெயரைச் சொல்லும், இந்தியப் பறவைகளுக்கும் வேலை செய்கிறது. மலையில் சிக்னல் கிடைக்காது, ஆகவே தேவையான தொகுப்பைக் கீழேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் செயலி சொல்வதை அப்படியே நம்பி எழுதிவிட வேண்டாம். அது திசையைக் காட்டும் ஆள் மாதிரி, நடந்து போய்ப் பார்க்க வேண்டியது நாம்.

காட்டில் அந்த ஒலிப்பதிவைப் போட்டுப் பறவையை வரவழைப்பது மட்டும் கூடவே கூடாது. வரும், உண்மைதான். தன் இடத்தில் இன்னொருவன் வந்துவிட்டான் என்று பதறிக்கொண்டு வரும். குஞ்சுக்குத் தீனி கொடுக்க வேண்டிய நேரத்தை உங்கள் கைபேசியோடு சண்டை போட்டு வீணாக்கும். தானாகவே வருகிற பறவைக்கு இது எதற்கு?

ஆறாம் படி: நில்லுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

குரல் கேட்டதும் எல்லோரும் அதை நோக்கி நடக்கிறார்கள். நடக்காதீர்கள். குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி நில்லுங்கள். வெயில் உங்கள் முதுகில் விழுகிறதா பாருங்கள், இல்லையென்றால் இரண்டடி தள்ளி இடம் மாற்றிக்கொள்ளுங்கள். பிறகு மரத்தை முழுசாகப் பார்க்காமல் ஒரு குறிப்பிட்ட இடத்தை மட்டும் பாருங்கள்: மர விதானத்துக்குக் கீழே, உங்கள் தலைக்கு மேலே, அதாவது தரையிலிருந்து இரண்டு மூன்று ஆள் உயரத்துக்குள், இலையில்லாமல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் கிளைகள். அதற்கு முன்னால் கொஞ்சம் வெற்றிடம் இருக்க வேண்டும், வெயில் கற்றை ஒன்று விழுந்தால் இன்னும் நல்லது. அந்த வெயிலில் தூசி போலப் பூச்சிகள் மிதப்பது தெரிகிறதா? அதுதான் அதன் சாப்பாட்டு மேசை. அந்த நீட்டிய கிளைதான் நாற்காலி.

பைனாகுலரை இப்போது தூக்காதீர்கள். வெறும் கண்ணால் பாருங்கள். அசைவு தெரியும். ஒரு மஞ்சள் துளி கிளையிலிருந்து பாய்ந்து, காற்றில் ஒரு வளையம் போட்டு, சில சமயம் தலைகீழாகத் திரும்பி, மறுபடி வந்து உட்காரும். உட்காரும் விதத்தைக் கவனியுங்கள்: நேராக, செங்குத்தாக, சோல்ஜர் மாதிரி. கதிர்க்குருவியும் வெள்ளைக்கண்ணியும் கிளையோடு கிளையாகக் குனிந்து படுத்தாற்போல இருக்கும். இது நிமிர்ந்து இருக்கும். வாலையும் சிறகையும் வெட்டி வெட்டி ஆட்டும். சில நிமிடம் பார்த்தால் அதற்கு இரண்டு மூன்று பிடித்த கிளைகள் இருப்பது தெரிந்துவிடும்.

அப்போது பைனாகுலர். பறவை மேலிருந்து கண்ணை எடுக்காமல், பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டு பறவையைத் தேடினால் இலைதான் தெரியும். வீட்டு மொட்டை மாடியில் காக்கையை வைத்து இதை முன்பே பழகிக்கொண்டு வாருங்கள். பறவை பறந்துவிட்டால் பின்தொடராதீர்கள். அது உட்கார்ந்திருந்த கிளையின் மேலேயே பைனாகுலரை வைத்திருங்கள். பத்தில் ஆறேழு தடவை அங்கேயே திரும்பி வரும். வந்ததும் தெளிவைச் சரி செய்யுங்கள், தொண்டையைப் பாருங்கள், கொண்டையைப் பாருங்கள்.

எவ்வளவு நேரம் நிற்பது? இருபது நிமிடம். கடிகாரத்தைப் பார்த்து. முதல் ஐந்து நிமிடம் உங்களால் காடு அமைதியாக இருக்கும். அடுத்த ஐந்தில் உங்களுக்கு அலுக்கும். அதற்கப்புறம்தான் பறவைகள் உங்களை ஒரு மரக்கட்டையாக எடுத்துக்கொண்டு வேலையைப் பார்க்க ஆரம்பிக்கும்.

வால்பாறையில் ஒரு தேயிலைத் தோட்டத்து வளைவில் இப்படி நின்றுகொண்டிருந்தபோது, கூடையோடு போன அம்மா ஒருவர், "என்ன தம்பி, வண்டி ரிப்பேரா?" என்று கேட்டார். குருவி பார்க்கிறேன் என்றேன். "அந்தக் கத்துற மஞ்சக் குருவியா? அது எங்க குழாயடிக்கே வருமே" என்று சொல்லிவிட்டு நடந்தார். குழாயடிக்குப் போய்ப் பார்த்தேன். இருந்தது. உள்ளூர்க்காரர்களிடம் கேட்பதைத் தனிப்படியாகவே எழுதியிருக்க வேண்டும்.

நிற்கும் இடத்தில் ஒரு எச்சரிக்கை. குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் காட்டெருமைகள் தேயிலைக்குள்ளும் வீட்டுக் கொல்லையிலும் சாதாரணமாக மேயும். சாதுவாகத் தெரியும், கிட்டே போகக்கூடாது. வால்பாறையில் யானை. அதனால் பைனாகுலரைக் கண்ணில் வைப்பதற்கு முன் ஒருமுறை பின்னாலும் திரும்பிப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். விடிகாலையிலும் அந்தியிலும் தனியாகப் போக வேண்டாம்.

ஏழாம் படி: கூட்டம் வந்தால் பதறாதீர்கள்

ஒரு பறவை போதும் என்று ஆரம்பத்தில் சொன்னதற்குப் பின்னால் ஒரு தந்திரம் இருக்கிறது. இந்த ஈப்பிடிப்பான் பெரும்பாலும் தனியாக வேலை செய்வதில்லை. மலைக்காட்டில் பல இனப் பறவைகள் ஒன்று சேர்ந்து இரை தேடிக்கொண்டே ஊர்வலம் போகும். பட்டாணிக்குருவி இலையைப் புரட்டும், பசையெடுப்பான் தண்டின் பட்டைக்குள் நோண்டும், மின்சிட்டு உச்சியில் திரியும். இவர்கள் கிளப்பிவிடும் பூச்சி பறந்து தப்பிக்கப் பார்க்கும். அதைக் கவ்வுவதற்கு நடுத்தட்டில் நம் ஆள் காத்திருப்பார். சினிமாத் தியேட்டர் வாசலில் நிற்கும் ஆட்டோக்காரர் போல, உள்ளே என்ன படம் என்பதில் அவருக்கு அக்கறையில்லை, வெளியே வருகிற கூட்டம்தான் கணக்கு.

ஆகவே ‘சிக்… பூச்சி-பூச்சி’ குரல் நெருங்கி வருகிறது என்றால், அதோடு ஊர்வலமும் வருகிறது என்று அர்த்தம் இருக்கலாம். பத்து நிமிடத்துக்குள் பத்து பன்னிரண்டு இனம் தலைக்கு மேல் கடந்து போகும். புதியவர் இங்கேதான் தலை சுற்றிப் போவார். பைனாகுலர் இங்கும் அங்கும் அலையும், ஒன்றும் பதியாது.

செய்ய வேண்டியது இது: ஈப்பிடிப்பானை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். அது நடுத்தட்டில் இருக்கிறது. அதற்கு மேலே இருப்பது யார், கீழே இருப்பது யார், தண்டில் ஒட்டியிருப்பது யார் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பெயர் தெரியாவிட்டால் ‘தண்டில் தலைகீழாக, நீல முதுகு, சிவப்பு அலகு’ என்று குறித்துக்கொள்ளுங்கள். பசையெடுப்பான் என்று ராத்திரி அறையில் படம் பார்த்துக் கண்டுபிடித்துக்கொள்ளலாம். நீலகிரியிலும் பழனிமலையிலும் இதே ஓரங்களில் நீலகிரி ஈப்பிடிப்பானும், கறுப்பும் ஆரஞ்சுமான இன்னொரு ஈப்பிடிப்பானும் உண்டு. இரண்டும் மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் வேறெங்கும் இல்லாதவை. கறுப்பு-ஆரஞ்சு தரையை ஒட்டிய புதரில் இருக்கும், நீலகிரி ஈப்பிடிப்பான் மரக்கிளையில் அமைதியாக உட்கார்ந்திருக்கும். நம் ஆளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இரண்டும் தானாகவே வித்தியாசப்படும்.

புகைப்படம் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் நாள் கேமராவை அறையில் வைத்துவிடுங்கள். கேட்க மாட்டீர்கள் என்று தெரியும். அப்படியென்றால் ஃபிளாஷ் வேண்டாம், வெயிலில் அந்த மஞ்சள் வெளுத்துப் போகும் என்பதால் வெளிச்ச அளவைச் சற்றுக் குறைத்து எடுங்கள், பறவை திரும்பி வரும் கிளையில் முன்கூட்டியே குவியம் வைத்துக் காத்திருங்கள்.

எட்டாம் படி: கூட்டைக் கண்டால்

பருவமழைக்கு முந்தைய மாதங்களில் போனால் கூடு கண்ணில் படலாம். பாசி படர்ந்த மரத்தண்டிலோ பாறையிலோ ஒட்டவைத்த அரைக்கிண்ணம். பாசியும் மரப்பாசியும் சேர்த்து, சிலந்தி நூலால் இறுக்கிக் கட்டியிருக்கும். மூன்று நான்கு முட்டை. பாசி மேல் பாசி என்பதால் சும்மா பார்த்தால் தெரியவே தெரியாது. பறவை ஒரே இடத்துக்கு வாயில் பூச்சியோடு திரும்பத் திரும்பப் போனால் அங்கே கூடு இருக்கிறது.

புரிந்ததும் திரும்பி வந்துவிடுங்கள். படம் வேண்டாம், கிளையை ஒதுக்க வேண்டாம், கூட வந்தவரைக் கூப்பிட்டுக் காட்டவும் வேண்டாம். நாம் போட்ட தடத்தில் காக்கையும் பூனையும் வரும்.

ஒன்பதாம் படி: எழுதி வையுங்கள்

அங்கேயே, அப்போதே. தேதி, நேரம், இடம், எத்தனை பறவை, என்ன மரம், எவ்வளவு உயரத்தில், என்ன செய்தது, வேறு யார் கூட இருந்தார்கள். ‘கொண்டை எழும்பியிருந்தது’ என்று ஒரு வரி. குரலை உங்கள் காதுக்குக் கேட்டபடி எழுதுங்கள். என்னுடைய ‘பூச்சி-பூச்சி’ உங்களுக்கு வேறு ஏதோவாகக் கேட்கலாம்.

அறைக்கு வந்ததும், பறவை பார்ப்பவர்கள் தாங்கள் பார்த்ததைப் பதிவு செய்யும் ஈபேர்ட் (eBird) இணையதளத்தில் ஏற்றுங்கள். இலவசம்தான். பார்த்த ஒன்றை மட்டும் போடாமல், அந்த இருபது நிமிடத்தில் அடையாளம் தெரிந்த எல்லாவற்றையும் காக்கை உட்பட, எண்ணிக்கையோடு பதியுங்கள். காக்கையும் கணக்கில் இருந்தால்தான் ஆராய்பவர்களுக்குப் பயன். தெரியாததை ஊகித்து எழுத வேண்டாம், விட்டுவிடலாம், தவறில்லை. தை பிறக்கும் சமயம் மலையில் இருந்தால் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பிலும் உங்கள் பட்டியல் சேர்ந்துவிடும். தமிழ்நாடு முழுக்கப் பறவை பார்ப்பவர்கள் பொங்கல் விடுமுறை நாட்களில் சேர்ந்து செய்யும் காரியம் அது, பதினைந்து நிமிடப் பட்டியல்கூடப் போதும்.

ஒரு காலையில் கிடைக்கவில்லை என்றால் அடுத்த நாள் அதே வளைவில், அதே நேரத்துக்கு நில்லுங்கள், இடத்தை மாற்றாதீர்கள். இரண்டாம் நாளும் இல்லையென்றால் டீக்கடையில் கேளுங்கள். "கத்துற மஞ்சக் குருவி" என்று சொன்னால் போதும்.